கோடு வளைந்த இடத்துக்குக் கீழே

மிளகு அளவில் ஒரு கறுப்புக் கல். அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜப்பானிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் கிளம்பினேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி குழாயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வைரமா?"

"காந்தம் சார்."

மேஜையில் கிடந்த ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்துக் குழாயின் அருகில் கொண்டுபோனார். கிளிப் அசையவில்லை. "ஒட்டலையேம்மா" என்றார். அந்தப் பிரச்சினைக்காகத்தான் வந்திருக்கிறேன் என்றேன். என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

விஷயம் இதுதான். இந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் கோடிக்கணக்கில், முக்கோணம் முக்கோணமாக உட்கார்ந்திருக்கின்றன. அறைச் சூட்டில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். நன்றாகக் குளிர வைத்தால் ஒரு கட்டத்தில் எல்லாம் சொல்லி வைத்தாற்போல ஒரே ஒழுங்குக்கு வந்துவிடும். தண்ணீர் பனிக்கட்டி ஆகிறதே, அந்த மாதிரி ஒரு மாற்றம். எங்கள் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்து எழுதினோம், நாலு பேர் மேற்கோள் காட்டியும் விட்டார்கள். இப்போது புதுப்பட்டினம் அருகில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சரண்யா என்ற ஆராய்ச்சி மாணவி அதே கல்லைத் தானே வளர்த்து, எவ்வளவு குளிர வைத்தாலும் ஒழுங்கு வரவேயில்லை என்று கட்டுரை எழுதியிருந்தாள். ஆராய்ச்சிப் பத்திரிகை அதைக் கருத்துக் கேட்டு எங்கள் பேராசிரியருக்கே அனுப்பிவிட்டது. "கல்லில் அழுக்கு, அல்லது கருவியில் கோளாறு" என்று அவர் எழுதினார். இரண்டு கல்லையும் ஒரே கருவியில் வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. அவருக்கு நேரமில்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் என்னை அனுப்பினார்.

நாங்கள் சொன்னது சரியென்றால் சரண்யாவின் கட்டுரை போய்விடும். கட்டுரை போனால் முனைவர் பட்டமும் போய்விடும். அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, இன்னொரு கல்லை எடுத்து முதலிலிருந்து தொடங்க வழியில்லை. இதெல்லாம் விமானம் ஏறும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் நன்றாகத்தான் தூங்கினேன்.

தமிழ் தெரியும் என்றேனே, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். நான் கோவில்பட்டிக்காரி. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் ஓட்டலில் போய் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

"இன்னா வோணும்?"

நான் விழித்தேன். நான் வாழும் ஜப்பானிய ஊரில் தேநீர் கொண்டுவருகிறவர்கூட உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கோப்பையை வைப்பார்.

"இட்லி கீது, பொங்கல் கீது, பூரி ஆய்ப்போச்சு. சீக்கிரம் சொல்லும்மா."

இட்லியும் வடகறியும் சொன்னேன். நேற்றைய வடையை இன்றைய குழம்பில் உதிர்த்துப் போடுகிறார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சாப்பிட்டுப் பார்த்ததும் சந்தேகத்தைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஊற்றிவிட்டுப் போனார். அந்த அலட்சியம் எனக்குப் பிடித்திருந்தது. உபசாரம் அதிகமான ஊரில் இருந்து இருந்து களைத்துப் போயிருந்தேன்.

சரண்யா ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும். ஒல்லி. பயணம் எப்படி, தூங்கினீர்களா என்றெல்லாம் கேட்கவில்லை.

"கல்லு பத்திரமா இருக்கா மேடம்?"

நானும் அவள் நிலையில் அதைத்தான் கேட்டிருப்பேன். என் பெட்டியை ஸ்கூட்டரின் முன்பக்கம் காலடியில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு அவள் ஓட்டினாள். பின்னால் நான். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடையில் பெட்டி நழுவி விழுந்தது. நல்ல ஜப்பானியச் சக்கரங்கள் ஆகையால் தன்பாட்டுக்குச் சாலையோரம் வரை ஓடிப் போய் நின்றது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. சரண்யா பிரேக் போட்டுத் திரும்பி, "கல்லு பெட்டியில இல்லையே?" என்றாள். கைப்பையைத் தூக்கிக் காட்டினேன்.

ஆய்வகம் கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னல் கம்பிகள் எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தன. கருவி மட்டும் பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய வழிகாட்டி நெடுநாளாக மருத்துவ விடுப்பில் இருந்தார். அவள்தான் எல்லாம். ஒன்று மட்டும் இல்லை, திரவ ஹீலியம். அது இல்லாமல் அந்தக் கருவியில் ஒன்றும் செய்ய முடியாது. வேண்டிய குளிரைக் கொடுப்பது அதுதான்.

"நாளைக்கு வந்துடும் மேடம்" என்றாள்.

எங்கள் ஆய்வகத்தில் சுவரில் ஒரு குழாய் இருக்கிறது. திறந்தால் ஹீலியம் வரும். இங்கே அது சென்னையிலிருந்து பெரிய கேனில் வேனில் வர வேண்டும். வழியெல்லாம் கொதித்து ஆவியாகிக்கொண்டே வரும். வந்து சேர்ந்த பிறகும் சும்மா இருக்காது. அதனால் இவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

"கேன் வந்ததும் கல்லை நேரா அடிக்கு இறக்கிடுவோம். முக்கி, மேல பம்ப் போட்டு ஆவிய இழுத்து, எவ்ளோ குளிர முடியுமோ அங்க அளந்துட்டு எடுத்துடுவோம். உங்கள மாதிரி மெதுவா இறக்கிக்கினு இருந்தா பாதி வழியில ஹீலியம் தீந்துடும்."

"அப்போ நடுவுல அளக்கவே இல்லையா?"

"இல்ல மேடம். அடியிலயே ஒழுங்கு இல்லன்னா நடுவுல எப்படி இருக்கும்? குளிரக் குளிரத்தானே ஒழுங்கு வரும்?"

பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. நானும் தலையாட்டினேன். வடையை எண்ணெயில் போட்டு எடுப்பது மாதிரிக் கல்லை முக்கி எடுத்திருக்கிறார்கள், அடியில் எடுத்த அளவுதான் எங்கேயோ தப்பியிருக்கிறது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் கேன் வரவில்லை. நாளைக்கு நிச்சயம் என்று சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று சரண்யா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமம். சீசன் ஆதலால் வழியெல்லாம் கழுத்தில் பெரிய பெரிய கேமரா மாட்டியவர்கள். மரங்களில் இலையைவிடப் பறவை அதிகமாக இருந்தது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா கோதண்டம் கொஞ்சம் நிலமும் ஓர் உரக்கடையும் வைத்திருக்கிறார். பறவைகளைப் பற்றி ஏதாவது நல்ல வார்த்தை சொல்வோம் என்று நான் ஆரம்பித்தேன்.

"அத்த ஏன் மேடம் கேக்கிறீங்க" என்றார். "அந்த ஏரித் தண்ணி பாயிற நெலத்துக்கு ஒருத்தனும் யூரியா வாங்க மாட்டான். அதுங்க எச்சமே போதும்ன்றான். ஊரே பறவைய ரசிச்சிகினு கீது. எனக்கு அதுங்கதான் போட்டிக் கடை."

மதுராந்தகம் ஏரி மீன் குழம்பு. விரால். எங்கள் வட்டாரத்துக் குழம்பில் தேங்காய் ஓடும், இதில் புளியும் மிளகாயும் மட்டுமே. கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டேன். ஜப்பானில் எனக்குக் கிடைக்கும் மீன் பெரும்பாலும் பச்சையாக, ரொம்ப மரியாதையாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் சரண்யாவின் பேச்சு மாறிவிட்டதைக் கவனித்தேன். ஆய்வகத்தில் 'என்ன' என்றவள் இங்கே 'இன்னாப்பா' என்றாள்.

சாப்பிட்டு முடித்து மோர் குடித்ததும் கோதண்டம் கேட்டார். "காந்தம்னா இரும்பப் புடிக்கணும். இவ காந்தம் ஒண்ணியும் புடிக்க மாட்டேங்குதாம். அத்த வெச்சிகினு இன்னா படிப்பு மேடம் இது?"

சரண்யா காலியான மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து முக்கோணமாக வைத்தாள். "இதோ பாருப்பா. ஒவ்வொரு டம்ளரும் நிமிந்து நிக்கலாம், இல்ல கவுந்து நிக்கலாம். ஆனா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இருக்கிறதுக்கு எதிராத்தான் நிக்கணும். அதான் அதுங்க ஆசை. வெச்சுக் காட்டு."

அவர் ஒன்றை நிமிர்த்தினார், இன்னொன்றைக் கவிழ்த்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நிமிர்த்தினால் முதலாவதோடு ஒத்துப் போகிறது. கவிழ்த்தால் இரண்டாவதோடு. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடையில் ஆள் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

"எப்பிடி வெச்சாலும் ஒருத்தன் மூஞ்சியத் தூக்கிகினுதான் இருப்பான் போலக் கீதே" என்றார் கடைசியில்.

"அதான்ப்பா. இவங்க ஊர்ல, நல்லா குளுந்தா எப்படியோ சமாதானமாப் போயிடுதுங்கன்னு சொல்றாங்க. நான், கடைசி வரைக்கும் ஆவாதுன்னு சொல்றேன்."

இருபது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். எங்கள் சண்டையை இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் கோதண்டம் குரலைத் தாழ்த்தினார். "பட்டம் வந்ததும் சேந்துக்கோன்னு ஒரு காலேஜுல வேலை வெச்சிகினு கூப்புட்றாங்க மேடம். இவ பண்ணது தப்பா?"

"அளந்து பாத்தாத்தான் தெரியும்."

"தப்பா இருந்தா அவகிட்டயே நேரா சொல்லிடுங்க. சுத்தி வளைக்க வோணாம். அவளுக்கு அது புடிக்காது."

சரி என்றேன்.

அடுத்த நாள் காலையில் வேன் டிரைவர் ஏழுமலையிடமிருந்து சரண்யாவுக்கு போன். மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டாராம், விடுமுறைக் கூட்டத்தில் வண்டி நகரவில்லையாம். கூடவே ஒரு நல்ல செய்தியும் சொன்னார். "உஸ்ஸுனு கத்திகினே வந்துச்சு மேடம். லீக்காவுதுன்னு வாயக் கட்டிட்டேன். இப்ப சத்தமே இல்ல."

சரண்யாவின் முகம் வெளுத்தது. கேனிலிருந்து வரும் அந்த உஸ் சத்தம்தான் அதன் மூச்சு. ஆவியாகும் ஹீலியம் வெளியேறியே ஆக வேண்டும், அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஸ்கூட்டரில் பறந்தோம். கார்களுக்கும் சுற்றுலா பஸ்களுக்கும் நடுவில் அவள் ஓட்டிய விதத்தை என் ஜப்பானிய நண்பர்கள் பார்த்திருந்தால் எனக்கு இரங்கல் கூட்டம் நடத்தியிருப்பார்கள்.

வேன் ஒரு டீக்கடை ஓரமாக நின்றிருந்தது. ஏழுமலை டீ குடித்துக்கொண்டிருந்தார். கேனின் ஆவிக்குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தார். சாக்கு உறைந்து பாறையாகிக் கிடந்தது.

"அண்ணாத்த, இன்னா வேலை பண்ணிக் கீறீங்க! எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க!" சரண்யா கத்தினாள். கல்லூரித் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"கேஸு லீக்கானா நான் இன்னா பண்றது? வூட்ல புள்ள குட்டி கீது" என்றார் அவர்.

டீக்கடை பாய்லரிலிருந்து ஒரு ஜக்கு வெந்நீரை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கின் மேல் ஊற்றினாள். இன்னொரு ஜக்கு. கயிறு இளகியது. இழுத்துவிட்டுப் பின்னால் குதித்தாள். ரயில் இன்ஜின் மாதிரி ஒரு சத்தத்தோடு வெள்ளைப் புகை சீறிக்கொண்டு கிளம்பியது. கூட்டம் சிதறியது, பிறகு கைதட்டியது. சத்தம் தணிந்து பழைய உஸ்ஸுக்கு வந்ததும் ஒரு பலூன்காரர் நெருங்கி வந்து, "இதுல பலூன் ரொப்ப முடியுமா?" என்று விசாரித்தார். சரண்யா தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப இனிப்பு. அன்றைக்கு அது தேவைப்பட்டது.

நல்ல வேளையாக இந்த முறை வாங்கியது பெரிய கேன். சீறிப் போனது போக, இரண்டு கல்லையும் மெதுவாகக் குளிர வைத்துப் பார்க்கச் சிக்கனமாக இருந்தால் போதும் என்று அளந்து பார்த்துச் சொன்னாள்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு, சங்கரா வறுவலோடு. பக்கத்து அணுமின் நிலைய வேலைக்கு எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே சாப்பிடுகிறார்கள். ஒரு மேஜையில் மதுரை, ஒரு மேஜையில் கோவை. பின்னாலிருந்து ஒரு குரல், "ஏ, இவங்களுக்குச் சொதி வைக்கவே தெரியாதுல" என்றது. எங்கள் பக்கத்துப் பேச்சு, எங்கள் பக்கத்துக் குழம்பு. எனக்கு எழுந்துபோய்க் கைகொடுக்க வேண்டும் போல இருந்தது. மீன் ஆறிவிடும் என்பதால் போகவில்லை.

பிற்பகலில் முதலில் என் கல்லை இறக்கினோம். குளிர் ஏற ஏறக் கணினித் திரையில் கல்லின் காந்தத்தன்மையைக் காட்டும் ஒரு கோடு புள்ளி புள்ளியாக மேலே ஏறிக்கொண்டு போனது. எங்கள் கட்டுரையில் சொன்ன அதே இடத்தில் சட்டென்று வளைந்து கீழே இறங்கியது. அந்த வளைவுதான் ஒழுங்கு வந்ததற்கு அடையாளம். வளைவுக்குக் கொஞ்சம் கீழே வரை பார்த்துவிட்டு, "போதும்" என்றேன்.

"இன்னும் கீழ போகலையா மேடம்?"

"எதுக்கு? பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு. ஹீலியம் உங்க கல்லுக்கு வேணுமே."

நம் கல்லும் சரி, இவர்கள் கருவியும் சரி என்று பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். நல்லது என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது.

மறுநாள் காலை அவளுடைய கல். இறக்குவதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். கோடு ஏறியது. நேற்று வளைந்த இடம் நெருங்க நெருங்க இருவரும் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம். நேற்று வளைந்த அதே இடத்தில், அதே மாதிரி, கோடு வளைந்தது.

"வந்துடுச்சு மேடம்" என்று அவளே முதலில் சொன்னாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். நேராகச் சொல்லிவிடுங்கள் என்று அவள் அப்பா சொன்னது நினைவிருந்தது. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. வருத்தமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். எங்கள் கட்டுரை பிழைத்துவிட்டது. அவளுடைய கல்லிலும் ஒழுங்கு வருகிறது என்று பேராசிரியருக்கு எழுதி அனுப்பிவிட்டு, கருவியை நிறுத்த எழுந்தேன்.

"நிறுத்தாதீங்க மேடம்."

"சரண்யா, பாத்துட்டோமே."

"அடியில நான் அளந்தது பொய் இல்ல. ஒவ்வொரு கேனுக்கும் அளந்திருக்கேன், அங்க ஒழுங்கு இல்ல. இப்போ நடுவுல ஒழுங்கு இருக்கு. ரெண்டும் நெஜம்னா, ரெண்டுக்கும் இடையில என்னமோ ஆவுது. அத்தப் பாக்கணும்." சொல்லிக்கொண்டே பம்பின் வால்வைத் திறந்தாள்.

மறுபடி உட்கார்ந்தேன். கோடு கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் கட்டுரையில் படம் முடியும் இடத்தைத் தாண்டியது. அதற்கும் கீழான குளிரில் இந்தக் கல்லை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆய்வகத்தில் கருவிக்கு வரிசை உண்டு. வளைவு வந்தது, மகிழ்ந்தோம், அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தோம்.

இன்னும் கொஞ்சம் குளிர்ந்ததும் கோடு ஒரே தாவலாக மேலே ஏறியது. வந்த ஒழுங்கு கலைந்துவிட்டது என்று அர்த்தம்.

"அழுக்கு" என்றேன். என் வாய் முந்திக்கொண்டது.

அவள் கல்லை லேசாகச் சூடாக்கினாள். கோடு திரும்பி வந்து கீழே விழுந்தது, ஆனால் தாவிய அதே இடத்தில் விழவில்லை, சற்றுத் தள்ளி விழுந்தது. மறுபடி குளிர வைத்தாள். பழைய இடத்திலேயே தாவியது. போகும்போது ஒரு இடம், வரும்போது ஒரு இடம். அழுக்கு என்றால் கோடு மெல்ல மெல்ல ஏறும், இப்படித் தாவாது, வந்த வழியை நினைவு வைத்துக்கொள்ளவும் செய்யாது. இது அசல் மாற்றம். தண்ணீர் உறைவதும் உருகுவதும் போல, இந்தக் கல்லில் ஒழுங்கு ஒரு இடத்தில் பிறந்து, இன்னும் குளிர்ந்தால் செத்துப்போகிறது.

"படியில அரிசியக் கொட்டிக் குலுக்கினாத்தானே மேடம் படியும்?" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "சூடு கொஞ்சம் இருந்தா அது குலுக்குது, எல்லாம் ஒரு வரிசைக்கு வருது. அந்தக் குலுக்கலும் நின்னுபோனா, மூணாவது டம்ளருக்கு மறுபடி எந்தப் பக்கம்னு தெரியல."

அப்படியும் இருக்கலாம் என்றேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டேன்.

அவள் அப்பாவுக்கு போன் போட்டாள். "அப்பா, நான் சொன்னதும் தப்பில்ல, அவங்க சொன்னதும் தப்பில்ல. ஆளுக்குப் பாதி பாத்திருக்கோம்." மறுமுனையில் அவர் என்னவோ கேட்டார். "ஆமாம்ப்பா, கட்டுரைய மாத்தி எழுதணும். பட்டத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்தேன். என் கண்ணும் சரியாக இல்லை.

பேராசிரியரிடம் நானே போனில் பேசினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நம் கல்லை அவ்வளவு கீழே கொண்டுபோனாயா?" என்றார்.

"இல்லை."

"ஏன்?"

"வளைவு வந்தது. நிறுத்திவிட்டேன்."

"ஹீலியம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?"

கேனைத் திரும்பிப் பார்த்தேன். சத்தமே இல்லை. உண்மையாகவே காலி.

அன்று மாலையே நான் கிளம்ப வேண்டும். குழாயைக் கைப்பையில் வைக்கப் போகும்போது சரண்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அடுத்த கேன் வர்ற வரைக்கும் உங்க கல்லை இங்க விட்டுட்டுப் போறீங்களா மேடம்?"

எங்கள் கல்லை வெளியாள் கையில் விட்டுவருகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. பேராசிரியர் சம்மதிக்க மாட்டார் என்பதும் தெரியும். குழாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்ன வந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லுங்க. வளைவு வந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க."

"வளைவு வந்ததும் போட மாட்டேன் மேடம்" என்றாள். "அடி வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் போடுவேன்."